பின்பாரம் உள்ள வண்டி: நெல்லைச் சீமையில் சூப்பர் கார் வாங்கிப் பத்திரமாக ஓட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

என் தாத்தாவிடம் மாட்டுவண்டி இருந்தது. நெல் மூட்டை ஏற்றும்போது பக்கத்தில் நின்றுகொண்டு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: "பின்பாரம் ஆயிரக் கூடாதுலே, பாத்து அடுக்கு." பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கும், கழுத்துக் கயிறு மாட்டை இறுக்கும், மேட்டில் ஏறும்போது வண்டி குடை சாயும். பாரம் எவ்வளவு என்பதைவிட, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் அவருக்கு முக்கியம்.

இப்போது என் வீட்டில் நிற்பது போர்ஷே 911 ஜிடி3. 2018 மாடல், செகண்ட் ஹேண்டாக வாங்கியது. 4.0 லிட்டர் இன்ஜின், 500 குதிரைத்திறன், 9,000 ஆர்.பி.எம். வரை சுற்றும். அந்த இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. வண்டியின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 60 பங்கு பின் சக்கரங்கள் மேல், 40 பங்கு முன் சக்கரங்கள் மேல். தாத்தா பார்த்திருந்தால் ஏற்றவே விட்டிருக்க மாட்டார். இந்தக் காரை ஓட்டக் கற்றுக்கொள்வது என்றால் பாரம் இந்த நொடியில் எங்கே இருக்கிறது என்று உடம்பால் உணரக் கற்றுக்கொள்வது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். உங்களுடையது லம்போர்கினியோ ஃபெராரியோ ஆடி ஆர்8-ஓ, எதுவானாலும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன்

புது வண்டி என்றால் விலையோடு கணக்கு முடியாது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். இரண்டரைக் கோடி ரூபாய் வண்டிக்கு வரி மட்டும் ஐம்பது லட்சம். தமிழ்நாட்டிலேயே பதிவான பழைய வண்டி என்றால் அந்த வரியை முதல் ஆள் கட்டியிருப்பார். வெளிமாநில வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், தடையில்லாச் சான்று, இங்கே திரும்பக் கட்ட வேண்டிய வரி இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகு மலிவா என்று முடிவு செய்யுங்கள்.

பழைய வண்டியில் மூன்று விஷயத்தை விடவே கூடாது. முதலாவது, இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும் ஓவர் ரெவ் பதிவு. போர்ஷேயில் இன்ஜின் எல்லை தாண்டிச் சுற்றிய தடவைகள் ஆறு அடுக்காகப் பதிவாகும். மேல் அடுக்குகளில் எண் இருந்தால், யாரோ ஒருவர் வேகமாகப் போகும்போது தவறாகக் கீழ் கியருக்கு மாற்றியிருக்கிறார் என்று அர்த்தம். மேனுவல் கியர் வண்டியில் இதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இரண்டாவது, வண்டியைத் தூக்கி அடிவயிற்றைப் பார்ப்பது. முன் பம்பரின் கீழ் உதட்டில் கீறல் இருப்பது இயல்பு. அடித்தட்டு வளைந்திருந்தாலோ புது போல்ட் மாட்டியிருந்தாலோ கேள்வி கேட்க வேண்டும். மூன்றாவது டயரின் வயது. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

இன்ஷூரன்ஸில் தேய்மானம் கழிக்காத பாலிசியும் இன்ஜின் பாதுகாப்பு சேர்க்கையும் கட்டாயம் எடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை நாம் பார்த்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இன்ஜினுக்குள் தண்ணீர் போன சேதத்தைச் சாதாரண பாலிசி பெரும்பாலும் ஏற்காது.

வீட்டில் இடம்

வண்டி வருவதற்கு முன்பே வாசல் சரிவை அளந்துவிடுங்கள். தண்ணீர் புகாமல் இருக்க நம் பக்கத்தில் வீட்டை உயர்த்திக் கட்டி, செங்குத்தாக ஒரு சரிவு போடுவது வழக்கம். தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் போகும் கார் அதில் மூக்கை இடிக்கும். நான் கொத்தனாரை வைத்துச் சரிவை மூன்று மடங்கு நீளமாக்கினேன். முன்பக்கத்தைத் தூக்கும் லிஃப்ட் வசதி உள்ள வண்டியாகப் பார்த்து வாங்குவது இன்னும் நல்லது. ஜிடி3-இல் அது சுமார் மூன்று சென்டிமீட்டர் தூக்கும். அந்த மூன்று சென்டிமீட்டர் நம் ஊரில் தங்கம்.

பேட்டரிக்குத் தனி சார்ஜர் எப்போதும் மாட்டியிருக்க வேண்டும். இரண்டு வாரம் சும்மா நின்றாலே பேட்டரி இறங்கும், இறங்கினால் எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் பொய்ப் புகார் சொல்லும். அப்புறம் எலி. வயல் பக்கம் வீடு என்றால் அறுப்பு முடிந்ததும் எலி வீட்டைத் தேடி வரும். ஒரு வயர் கடித்தால் வண்டியை ரெக்கவரி லாரியில் ஏற்றிச் சென்னைக்கோ கொச்சிக்கோ அனுப்ப வேண்டும். வாரம் ஒருமுறை இன்ஜின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

முதல் மாதம்

முதல் நாள் ஓட்டாதீர்கள். உட்காருங்கள். முதுகு சீட்டில் ஒட்டியிருக்கும்போது மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். பிரேக்கை முழுக்க மிதித்தபோதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கால் நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. அப்படி உட்கார்ந்தால் வண்டி சொல்வது எதுவும் உடம்புக்குக் கேட்காது.

அடுத்து, சூடேற்றுவது. ஸ்டார்ட் செய்த இடத்திலேயே நின்று உறும விடுவது தவறு. ஒரு நிமிடத்தில் கிளம்பி மெதுவாக ஓட்டுங்கள். தண்ணீர் சூடு காட்டும் முள் சீக்கிரம் ஏறிவிடும். அதை நம்பாதீர்கள். ஆயில் சூடு 80 டிகிரியைத் தொடும் வரை 4,000 ஆர்.பி.எம். தாண்டக் கூடாது. நம் வெயிலிலும் இதற்குப் பத்து, பதினைந்து நிமிடம் ஆகும்.

முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு வேகத்தை மறந்துவிடுங்கள். பாளையங்கோட்டையில் என் மெக்கானிக் அண்ணாச்சி, வண்டியைப் பார்த்ததும் பானெட்டைத் தடவிவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்: "தம்பி, பைய." எவ்வளவு மிதித்தால் எவ்வளவு வருகிறது, பிரேக் எந்த இடத்தில் கடிக்கிறது, இதெல்லாம் கால் பழக வேண்டியவை. செராமிக் பிரேக் உள்ள வண்டி என்றால் காலையில் முதல் இரண்டு மிதியில் கட்டையை மிதிப்பது போல இருக்கும், கொஞ்சம் சூடான பிறகுதான் சரியாகப் பிடிக்கும். தெரு முனைக்கு வருவதற்குள் இரண்டு தடவை மிதித்துச் சோதித்துவிடுங்கள்.

பாரம் எங்கே போகிறது

இனி முக்கியமான பாடம். பிரேக் மிதித்தால் பாரம் முன்னால் ஓடும், பின் சக்கரம் லேசாகும். ஆக்சிலேட்டரைக் கொடுத்தால் பாரம் பின்னால் உட்காரும், முன் சக்கரம் லேசாகும். வளைத்தால் வெளிப்பக்கம் சாயும். எல்லாக் காருக்கும் இது உண்டு. ஆனால் உங்கள் வீட்டு ஸ்விஃப்டில் அது குடத்துத் தண்ணீர் அலம்புவது போல. பின் இன்ஜின் வண்டியில், கயிற்றில் கட்டிய குண்டு ஆடுவது போல.

வளைவுக்குள் கொஞ்சம் வேகமாக நுழைந்துவிட்டீர்கள். பயம் வருகிறது. கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டுவிடுகிறது. அந்த நொடியில் பாரம் முன்னால் போகிறது, பின் டயரின் பிடி குறைகிறது, அங்கே தொங்கும் இன்ஜின் வெளியே வீசப் பார்க்கிறது. வண்டியின் வால் உங்களை முந்தப் போகிறது. இந்த வகை வண்டிகளில் நடக்கும் விபத்துகள் பலவற்றுக்கு இந்த வரிசைதான் காரணம். பயந்து காலை எடுத்ததுதான் வண்டியைச் சுழற்றியிருக்கும்.

எனக்கே நடந்தது. வாங்கி ஆறாவது வாரம், கங்கைகொண்டான் பக்கம் சர்வீஸ் ரோட்டிலிருந்து திரும்பும் வளைவு. வேகம் ஐம்பதுகூட இருக்காது. அப்போதுதான் தூறல் விழ ஆரம்பித்திருந்தது. எதிரே ஒரு பைக் வரவும் சட்டென்று காலை எடுத்தேன். வால் அரை அடி விலகியது. வண்டி சறுக்கினால் தானே பிரேக் போட்டு நேராக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் பிடித்து இழுத்து நிறுத்தியது. ஓரமாக நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதை ஆஃப் செய்யும் பட்டனை அன்றிலிருந்து பொதுச் சாலையில் நான் தொட்டதில்லை. நீங்களும் தொடாதீர்கள்.

சரியான வரிசை இது. நேராக இருக்கும்போதே பிரேக்கின் பெரும்பகுதியை முடித்துவிட வேண்டும். கியரும் அங்கேயே. மிச்சப் பிரேக்கைச் சட்டென்று விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வண்டியைத் திருப்புங்கள். திரும்பியதும் ஆக்சிலேட்டரில் கால் லேசாகப் படிந்திருக்கட்டும், வேகம் கூட்ட அல்ல, பாரத்தைப் பின்னால் உட்கார வைக்க. ஸ்டியரிங் நேராகிக்கொண்டே வரும் அளவுக்குத்தான் காலையும் அழுத்த வேண்டும். கையும் காலும் ஒரே கயிற்றில் கட்டியது போல நினைத்துக்கொள்ளுங்கள்: கை வளைந்திருந்தால் கால் அழுந்தக் கூடாது.

மீறி வால் விலகினால், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். மோதப் போகும் மரத்தைப் பார்த்தால் கை அங்கேதான் திருப்பும். வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பி, பிடி கிடைத்ததும் உடனே நேராக்க வேண்டும். நேராக்கத் தாமதித்தால் வால் எதிர்ப்பக்கம் முதலைவிட மோசமாக வீசும்.

இன்ஜின் நடுவில் உள்ள லம்போர்கினி, ஃபெராரி வகைகளில் பாரம் நடுவில் இருப்பதால் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பும். ஆனால் பிடி போனால் எச்சரிக்கை இல்லாமல் சட்டென்று போகும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி கிளம்பும்போது காப்பாற்றும், நிற்கும்போது அதனால் எந்த உதவியும் இல்லை. அதை நம்பித்தான் நிறையப் பேர் ஈரத்தில் ஏமாறுகிறார்கள்.

டயர்

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. இந்த வண்டிகள் குறைவாக ஓடுவதால் பட்டன் தேயாது, ரப்பர் மட்டும் கிழடு தட்டிப் போகும். டயர் கடையில் "அண்ணாச்சி, பட்டன் நல்லாத்தான இருக்கு, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்பார்கள். அவர்கள் நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார்கள், ஆனால் மாற்றுங்கள். 2013 நவம்பரில் கலிபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்தில், அவர் போன போர்ஷே கரேரா ஜிடியின் டயர்களுக்கு ஒன்பது வயது. மணிக்கு 45 மைல் சாலையில் 80 மைலுக்கு மேல் போனதை விசாரணை முதல் காரணமாகச் சொன்னது. டயரின் வயதையும் சேர்த்தே சொன்னது. நான் ஐந்து வருடத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை.

ஜிடி3-உடன் வரும் மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் கப் 2 வகை டயர்கள் காய்ந்த, சூடான சாலைக்குச் செய்தவை. சித்திரை வெயிலில் பசை மாதிரி ஒட்டும். ஐப்பசி மழையில் அதே டயர் எதிரி. மழைக்காலத்திலும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் பைலட் ஸ்போர்ட் 4எஸ் போன்ற சாலை டயருக்கு மாறுங்கள். நான் நிரந்தரமாக மாறிவிட்டேன். பந்தயத் தளத்தில் சில நொடிகள் போகும், பரவாயில்லை.

காற்றை விடியற்காலையில், வண்டி கிளம்பும் முன், சொந்தக் கேஜ் வைத்துப் பாருங்கள். சூடு பத்து டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். மத்தியானம் பங்கில் அளந்து, கூட இருக்கிறது என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைந்த காற்றோடு கிளம்புவீர்கள்.

நம்ம ரோடு

என் நேரம் விடிந்ததிலிருந்து காலை ஏழரை வரை. இருட்டில் கிளம்ப வேண்டாம். இரவில் நான்குவழிச் சாலையின் நடுத்திட்டு ஓரம் மாடுகள் படுத்திருக்கும். சூடான தார் அவற்றுக்கு இதம். மணிக்கு 100 கிலோமீட்டரில் நொடிக்கு 28 மீட்டர் போகிறோம். 180-இல் நொடிக்கு 50 மீட்டர். கருப்பு எருமை கண்ணில் பட்டு, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே ஐம்பது மீட்டர் முடிந்துவிடும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு நிற்கும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்கு. பலகையில் போட்டிருக்கும் வேகத்துக்கு மேல் போக நம் சாலையில் ஒரு காரணமும் இல்லை.

தேசிய நெடுஞ்சாலை 44-இல் நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி வழியாகக் காவல்கிணறு வரை போய்த் திரும்புவது நல்ல ஓட்டம். நேர்ச்சாலை, பார்வை தெளிவு. ஆனால் மூன்றைக் கவனியுங்கள். நடுத்திட்டில் வளர்ந்த அரளிக்குப் பின்னால் இருந்து, இடைவெளி உள்ள இடத்தில் ஆள் வெளிப்படுவார். ஊர் விலக்குகளில் எதிர்த்திசையில் பைக் வரும், அதுவும் வலது ஓரத்தில். அப்புறம், பணகுடி தாண்டினால் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்காகத்தான் அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம். முன்பக்கம் லேசான காரை அது பக்கவாட்டில் ஓர் அடி தள்ளும். லாரியை முந்தும்போது லாரியின் மறைவில் காற்று நின்றுபோய், மறைவை விட்டு வெளியே வந்ததும் அறையும். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும், பிடியை இறுக்காதீர்கள்.

வடக்கே கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கம் கரிசல். மழை பெய்த பிறகு டிராக்டர் சக்கரத்தில் ஒட்டி வரும் கரிசல் மண் தார்மேல் பூசிக் கிடக்கும். சோப்புக் கட்டியும் அதுவும் ஒன்று. காட்டுப் பாதை வந்து சேரும் இடம் ஒவ்வொன்றிலும் தார் நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

அறுப்புக் காலம் தனிக் கதை. பிசானப் பருவ நெல் அறுப்பு முடிந்ததும் நெல்லும் வைக்கோலும், மற்ற நாளில் உளுந்துச் செடியும் சாலையில் காயும். உளுந்துச் செடியை வண்டிச் சக்கரம் ஏறி மிதிக்கட்டும் என்றே பரப்பியிருப்பார்கள். விவசாயியைக் குறை சொல்லாதீர்கள், களம் இல்லாதவர் எங்கே போவார்? ஆனால் உங்கள் வண்டி அதன்மேல் ஏறவே கூடாது. பிடி போவது ஒரு பக்கம். தாழ்வான வண்டி என்பதால் வைக்கோல் அடிவயிற்றில் சிக்கிக்கொள்ளும், பின்பக்கம் கொதிக்கும் சைலன்சரில் பட்டுத் தீப்பிடிக்கும். தெரியாமல் ஏறிவிட்டால் சுத்தமான இடமாகப் பார்த்து நிறுத்தி, குனிந்து பார்த்து, சைலன்சர் சூடு ஆறிய பிறகு கையால் உருவி எடுங்கள். காய்ந்த புல் மேல் நிறுத்தவே கூடாது. சிறிய தீயணைப்பான் ஒன்றைக் கை எட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

வேகத்தடைக்கு விதி சொல்லும் உயரம் பத்து சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். ஊர்க்காரர்கள் தாங்களே போட்டது அந்த அளவில் இருக்காது. லிஃப்டைத் தூக்கி, ஒரு சக்கரம் முதலில் ஏறும்படி கோணலாக, நடை வேகத்தில் ஏற வேண்டும். பழக்கமில்லாத பாதை என்றால் முந்தின நாள் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். தென்காசி ரோடு, அம்பாசமுத்திரம் ரோடு இரண்டுக்கும் நான் தனித்தனி நோட்டில் வேகத்தடைகளை எழுதி வைத்திருக்கிறேன். டவுன் ரத வீதிகளுக்கு இந்த வண்டியை எடுத்துப் போகாதீர்கள். நெரிசலில் நின்று நின்று போனால் கிளட்ச் கொதிக்கும். பாபநாசத்துக்கு மேலே காரையார் மலைப்பாதை புலிகள் காப்பகம், அங்கே இந்தச் சத்தத்துக்கு இடமில்லை.

மழை

முதல் பத்து நிமிடத் தூறல்தான் ஆபத்து. தாரில் ஊறிய எண்ணெய் மேலே மிதந்து வரும். அகலமான டயர் தண்ணீரைக் கிழிக்காமல் மேலே ஏறி மிதக்கும். ஸ்டியரிங் திடீரென்று லேசானால் மிதக்கிறீர்கள் என்று அர்த்தம். பிரேக் மிதிக்காமல், திருப்பாமல், ஆக்சிலேட்டரை மெல்ல விடுங்கள். தரைப்பாலத்தில் ஒரு சாண் தண்ணீர் போனாலும் திரும்பிவிட வேண்டும். வண்டி தண்ணீரில் நின்றுபோனால், அல்லது வீட்டிலேயே மூழ்கிவிட்டால், ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். நின்ற இன்ஜினைக் காப்பாற்றலாம், தண்ணீரோடு ஒரு சுற்று சுற்றிவிட்டால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

பெட்ரோல்

ஜிடி3 98 ஆக்டேன் பெட்ரோல் கேட்கிறது (ஆக்டேன் என்பது பெட்ரோலின் தரத்தைச் சொல்லும் எண்). 95-இல் ஓடும், ஆனால் முழு வலு வராது, வெயிலில் முறுக்கவும் கூடாது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரம் இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் டேங்கில் நிற்க விடாதீர்கள்.

சுற்றி நிற்பவர்கள்

டீக்கடையில் நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் இருபது பேர். "அண்ணாச்சி, ஒரு தடவ முறுக்குங்க" என்பார்கள் பையன்கள். முறுக்காதீர்கள். உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள், படம் எடுக்கட்டும். கிளம்பும்போது, சக்கரத்துக்குப் பக்கத்தில் குழந்தை இல்லை என்று இறங்கிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஏறுங்கள். பின்னால் பைக்கில் துரத்தும் பையன்களுக்கு ஒரே மருந்து, நாற்பதுக்கு இறங்கிவிடுவது. நீங்கள் வேகம் கூட்டினால் ஹெல்மெட் இல்லாத அந்தப் பையனும் கூட்டுவான்.

சாவியை யாருக்கும் கொடுக்காதீர்கள். மச்சான் கேட்பார், முதலாளி மகன் கேட்பான், கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்பார்கள். "நானே ஓட்டி வாரேன்" என்று சொல்லிவிடுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

முழு வேகம் பார்க்க வேண்டுமா?

அதற்கென்று இடம் இருக்கிறது. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தளம், 1990-இல் தொடங்கியது. வருடத்துக்கு ஒருமுறையாவது பயிற்சியாளரோடு போய் வாருங்கள். வால் விலகுவது எப்படி இருக்கும் என்று, மோத எதுவுமில்லாத இடத்தில் உடம்புக்குத் தெரிய வேண்டும். நான் இரண்டு வருடம் தனியாக ஓட்டிப் பழகியதைவிட அங்கே ஒரு பகலில் பழகியது அதிகம். போகும் முன் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். பழைய ஆயில் ஈரம் குடித்திருக்கும், சூட்டில் கொதித்து பெடல் தரையைத் தொடும்.

வீடு திரும்பியதும்

கடைசி ஐந்து கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி இன்ஜினையும் பிரேக்கையும் ஆற விடுங்கள். ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் அல்லது பார்க்கில் விட்டு, சக்கரத்துக்கு அண்டை கொடுங்கள். நான்கு டயரையும் கையால் தடவிப் பாருங்கள், ஆணி, கல், கிழிசல். குனிந்து அடிவயிற்றில் சொட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஓடிய கிலோமீட்டரையும் கேட்ட புதுச் சத்தத்தையும் நோட்டில் எழுதுங்கள். பேட்டரி சார்ஜரை மாட்டுங்கள். சூடு ஆறிய பிறகு, ஒரு மணி நேரம் கழித்து, கவர் போடலாம்.